அந்தச் சூடு எங்க போவுது

கணினியைத் தண்ணீரில் ஆற்ற 360 ரேடியேட்டர் ஒன்று போதுமா, இரண்டு போடணுமா என்று அக்காவின் கடைசி மகன் கேட்டான். ஒரு வரியில் பதில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் ரேடியேட்டர் என்றதும் எனக்கு யமஹா 135 எல்சி ஞாபகம் வந்துவிடும். 2006 வாக்கில் சிம்பாங் அம்பாட் தாமான்களில் பையன்கள் அந்த மோட்டாருக்காகத் தவம் கிடந்தார்கள். அதுவரை நம்ம கப்சாய் பெரும்பாலும் காற்றில் ஆறிக்கொண்டிருந்தவை. இது தண்ணீரில் ஆறும் என்பதே பெரிய பெருமை. சாயங்காலம் தே தாரே குடிக்க வருகிறவன் மோட்டாரை நிறுத்திவிட்டு, ரேடியேட்டர் தெரிகிற பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவான்.

அந்த மோட்டாரின் ரேடியேட்டர் ஒன்றைப் பழைய சாமான் கடையில் வாங்கிக் கணினியில் மாட்டிய ஒருவன் எங்கள் வரிசையிலேயே இருந்தான். பைத்தியக்காரத்தனம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் உலகமே அப்படித்தான் ஆரம்பித்திருந்தது. 2000-ஐ ஒட்டிய வருடங்களில் வெள்ளைக்கார ஊர்ப் பையன்கள் பழைய காரின் ஹீட்டர் கோரைக் கழற்றி ரேடியேட்டராக வைத்தார்கள். மீன்தொட்டிக்கு விற்ற எஹைம் பம்பைத் தண்ணீர் தள்ள வைத்தார்கள். நம் ஊர்க் காரில் ஹீட்டருக்கு என்ன வேலை? அதனால் இங்கே மோட்டார் ரேடியேட்டர். மீன்தொட்டிக் கடைக்கு மட்டும் பினாங்கில் பஞ்சமில்லை.

அவன் செய்த வேலையில் ஓட்டையில்லை, ஒழுகவில்லை. கடைசல் பட்டறையில் செம்புக் கட்டியைக் குடைந்து, சிப்பின் மேல் உட்காரும் பிளாக் செய்திருந்தான். மோட்டார் ரேடியேட்டர் அலுமினியம். அதனதன் இடத்தில் இரண்டும் குறையில்லாத பொருள்தான். ஆனால் ஒரே தண்ணீரில் செம்பையும் அலுமினியத்தையும் சேர்த்து வைத்தால் அது பேட்டரியாகிவிடும். செம்புக்கு ஒன்றும் ஆகாது, அலுமினியம்தான் கரையும். சில மாதத்தில் குழாயில் வெள்ளைக் கூழ் ஓடியது. மோட்டாரில் ஏன் அப்படி ஆகவில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அதன் கூலண்டில் துருத்தடுப்பு மருந்து இருக்கிறது, மாற்றவும் கெடு வைத்திருக்கிறார்கள். இவன் ஊற்றியது வெறும் பைப் தண்ணீர்.

அதனால் மருமகன் அனுப்பிய ஷாப்பி கூடையின் படத்தில் நான் முதலில் பார்த்தது விலையை அல்ல. பிளாக் செம்பு, மேலே நிக்கல் பூச்சு. ரேடியேட்டரின் வெளிச்சட்டம் எதுவாகவும் இருக்கட்டும், தண்ணீர் ஓடும் உள்வழி செம்பா பித்தளையா, இல்லை அலுமினியமா? மலிவாகக் கிடைப்பவற்றில் அலுமினிய ரேடியேட்டர் கலந்து வரும், படத்தில் இரண்டும் ஒரே கறுப்புப் பெயின்ட். அவன் தேர்ந்தெடுத்திருந்தது அலுமினியம். ஐம்பது வெள்ளி கூடப் போட்டுச் செம்பு வாங்கு என்றேன். "வெளிய தெரியாதே மாமா" என்றான்.

வெளியே தெரிகிற சாமானுக்கு மட்டும் அவன் தாராளம். கண்ணாடி போன்ற கெட்டிக் குழாய், அதை வளைக்க ஹீட் கன், ஆறு இடத்தில் வண்ண விளக்கு. கல்யாண வீட்டு வாசலில் சீரியல் லைட் கட்டின மாதிரி. கெட்டிக் குழாயில் பெட்ஜி என்று ஒன்று, அக்ரிலிக் என்று ஒன்று. பெட்ஜி வளைக்கச் சுலபம், ஆனால் சூட்டில் சீக்கிரம் தளரும். தண்ணீர் 60 டிகிரியை நெருங்க விடாதே என்பார்கள். எனக்குக் கறுப்பு ரப்பர் குழாய்தான் பிடிக்கும். ஈபிடிஎம் ரப்பர், உள்ளே 10 மில்லி, வெளியே 16. மென்மையான பிளாஸ்டிக் குழாய் சில வருடத்தில் பால் போல மங்கும், அதிலிருந்து கசியும் பிசின் பிளாக்கின் நுண்ணிய வரிகளில் போய் அடைக்கும். இந்த ரப்பரில் அந்தத் தொல்லை இல்லை. அழகு இல்லை என்கிறான். ரப்பர் மரத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது அழகாகத்தான் இருக்கிறது, அதற்கு நான் என்ன செய்ய.

பத்து காவான் பக்கம் முன்பு கரும்பும் தென்னையும், பிறகு ரப்பரும் செம்பனையும். செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு நம் ஆட்கள் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். அந்தத் தோட்ட நிலத்தில் இப்போது மைக்ரான் சிப் தொழிற்சாலை நிற்கிறது, இக்கியா நிற்கிறது, 2014-இல் திறந்த 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலம் அங்கேதான் கரையேறுகிறது. அக்கா வேலைக்குப் போன காலத்தில் இதில் ஒன்றுமே இல்லை. தொழிற்சாலை வேலை, எங்கள் பேச்சில் கிலாங், என்றால் தீவுக்குத்தான் போகணும், பாயான் லெப்பாஸ். 1972-இல் இன்டெல் அங்கே வயல்வெளியில் வந்து உட்கார்ந்தது, அமெரிக்காவுக்கு வெளியே அவர்களுக்கு அதுதான் முதல் தொழிற்சாலை. ஏஎம்டியும் எச்பியும் ஹிட்டாச்சியும் அதே காலத்தில் வந்தன. 1975-இல் இன்டெல் கட்டடம் தீயில் போனது, மறுபடி கட்டினார்கள். 1985-இல் முதல் பாலம் திறக்கும்வரை இருட்டோடு எழுந்து, பஸ்ஸில் பட்டவொர்த், அங்கிருந்து ஃபெரி, அப்புறம் மறுபடி பஸ்.

அக்கா செய்தது பாண்டிங் வேலை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியால் சிப்பின் ஓரத்தையும் காலையும் இணைப்பது. வீட்டுக்கு வந்தால் குளிரைப் பற்றித்தான் பேசுவாள். சுவெட்டர் போட்டுக்கொண்டு வேலை செய்தோம் என்று சொன்னால் தோட்டத்தில் யாரும் நம்பவில்லை. லயத்தில் தகரக்கூரைக்குக் கீழே மத்தியானம் படுக்க முடியாது, இவளுக்கு அங்கே விறைக்கிறதாம். "ஏர்கோன் நமக்கில்லடா தம்பி, மெஷினுக்கு" என்பாள்.

பிறகு நானும் அதே பாயான் லெப்பாஸில், வேறொரு கிலாங்கில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். எனக்கு வாய்த்தது அதற்கு நேர் எதிர், பர்ன்-இன் அறை. செய்து முடித்த சிப்பைப் பலகையில் பூட்டி, அடுப்பில் 125 டிகிரியில் வைத்து, மின்சாரமும் கொடுத்து மணிக்கணக்கில் வாட்டுவார்கள். சாகிறது இங்கேயே சாகட்டும், வாங்கினவன் வீட்டில் சாக வேண்டாம் என்கிற கணக்கு. அத்தனை சூடு தாங்கிய பொருளை வீட்டில் 90 டிகிரிக்கே பதறிப்போய்த் தண்ணீர் விட்டு ஆற்றுகிறார்கள் என்று எனக்கு ஆரம்பத்தில் சிரிப்பு. விஷயம் வேறு. சிப் சாகாமல் இருப்பதோடு வேலை முடியவில்லை, அது வேகமாக ஓட வேண்டும். சூடு எல்லையைத் தொட்டதும் இன்றைய சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 486 சிப் முதலில் வந்தபோது விசிறிகூடக் கேட்கவில்லை. 2004-இன் பென்டியம் 4 115 வாட்டுக்குப் போனது. ஐ9-13900கே முழுமூச்சில் 253 வாட் இழுக்கும். மருமகன் கண் வைத்திருக்கும் 4090 கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் 450. இதெல்லாம் புதுசு என்று நினைக்கிறான். 1985-இல் வந்த கிரே-2 சூப்பர் கம்ப்யூட்டர், மின்சாரம் கடத்தாத திரவத்துக்குள் முழுசாக மூழ்கியே ஓடியது.

குழாயை மாட்டும் ஃபிட்டிங் பற்றியும் சொல்ல வேண்டும். கிலாங்கில் காற்றுக் குழாய் இல்லாத மெஷின் கிடையாது, அதன் ஃபிட்டிங்குகளில் பாதி கால் இஞ்ச் மரைதான். கணினித் தண்ணீர்ச் சாமான் உலகம் முழுக்க ஜி கால் இஞ்ச் மரைதான், எந்தக் கம்பெனியானாலும் ஒன்றோடொன்று சேரும். கூடைப் படத்தில் அதைப் பார்த்ததும் பழைய சிநேகிதனைப் பார்த்த சந்தோஷம். ஆனால் ஒரு வித்தியாசம். கிலாங்கில் கூம்பு மரையும் உண்டு. டேப் சுற்றி, ஸ்பேனரால் இறுக்கினால் மரையே அடைக்கும். கணினியில் இருப்பது நேர் மரை, அடைப்பது அடியில் உள்ள ஓ-ரிங். கையால் திருகி, ஓ-ரிங் லேசாக அமுங்கியதும் நிறுத்த வேண்டும். பைப் வேலைப் பழக்கத்தில் டேப் சுற்றி ஸ்பேனர் போட்டால் அக்ரிலிக் உடல் விரியும். காசு கொஞ்சம் இருந்தால் அதை ஃபிட்டிங்கில் போடு என்பது என் கட்சி. பிளாக்கில் இரண்டு டிகிரி கூடக் குறைந்தால் என்ன, ஒரு ஃபிட்டிங் அழுதால் கீழே இருக்கும் கார்டு போச்சு.

பம்பில் எனக்குச் சந்தேகமே இல்லை, டி5. ஜெர்மனியின் லைங் கம்பெனி உருவாக்கியது, இப்போது சைலம் வசம். சத்தம் குறைவு, பேரிங்குக்கு எண்ணெயும் ஓடுகிற தண்ணீரேதான். அதனால் காய்ந்து ஓட விடவே கூடாது, தொட்டி பம்புக்கு மேலே இருக்க வேண்டும். அது ஒன்றைத் தவிர எது முதல், எது அடுத்தது என்ற வரிசையில் ஒன்றுமில்லை. முதலில் சிப்பா, முதலில் கார்டா என்று மருமகன் இரவு பன்னிரண்டு மணிக்குக் கேட்டான். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடும் தண்ணீர் 400 வாட் சூட்டை வாங்கினால் ஒன்றரை டிகிரிதான் ஏறும். சுற்றிச் சுற்றி வருவதால் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே சூடுதான். குழாய் எப்படிக் குறைவாக வளைகிறதோ அப்படிப் போடு, தூங்கு என்றேன்.

தண்ணீருக்கு வண்ணம் வேண்டுமாம். வேண்டாம். நாள்பட்டால் வண்ணப்பொடி படியும். மோட்டார் கடையில் பேட்டரித் தண்ணி பாட்டிலில் விற்கிறார்கள், உப்பு நீக்கிய தண்ணீர், அதில் பாசி பிடிக்காத மருந்தும் துருத்தடுப்பும் கலந்தால் முடிந்தது. பக்கத்துத் தட்டில் பேட்டரி ஆசிட்டும் இருக்கும், லேபிளைப் படித்து எடு. பாசிக்கு வெள்ளிக் கம்பி போடுவது முன்பு பழக்கம். நிக்கல் பூச்சுக்கு அது ஆகாது.

இந்தப் பேச்சு நடந்தபோது எனக்கு 2024 ஜனவரி ஞாபகம் வந்தது. சுங்கை டூவா சுத்திகரிப்பு நிலையத்தில் இரண்டு வால்வை மாற்றுவதற்காக 10-ஆம் தேதியிலிருந்து 14 வரை மாநிலத்தின் பெரும்பகுதிக்குத் தண்ணீர் தடை. மூடா ஆற்றுத் தண்ணீர் அங்கே வந்துதான் நமக்குப் போகிறது. முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். தாமான் முழுக்க வாளி, டிரம், குழந்தை குளிக்கும் தொட்டி எல்லாம் நிரம்பி நின்றன. பொங்கல் வேறு 15-ஆம் தேதி. அந்த வாரம் பக்கத்துத் தெருவில் ஒருவன் தன் கணினியின் தண்ணீர்ச் சுற்றை, அதாவது லூப்பைச் சுத்தம் செய்யக் கழற்றி வைத்துவிட்டு முழித்தான். ரேடியேட்டரைப் பல தடவை அலச வேண்டும், புதிதானாலும் பற்றவைத்த ஃப்ளக்ஸ் உள்ளே இருக்கும். அலசத் தண்ணீர் யார் கொடுப்பார்? அவன் அம்மா கொடுக்கவில்லை.

சரி, ஒரு ரேடியேட்டரா இரண்டா. 120 மில்லி விசிறி ஒன்றுக்கு 100 வாட் என்று வாய்க்கணக்கு ஒன்று உண்டு. அந்தக் கணக்குப்படி 360-இல் மூன்று விசிறி, 300 வாட். அவன் மெஷின் விளையாட்டில் 600-ஐத் தாண்டும். ஆக இரண்டு. ஆனால் அவன் நம்புகிற சோதனைப் படங்கள் எல்லாம் 21, 22 டிகிரி அறையில் எடுத்தவை. நம்ம டெரஸ் வீட்டு மாடி அறை மத்தியானம் 32. எந்த ரேடியேட்டரும் தண்ணீரை அறைக் காற்றுக்குக் கீழே இறக்க முடியாது. அறையைவிட 10 டிகிரி கூட என்று வைத்தால் அவர்களுக்கு 32, நமக்கு 42. எத்தனை காசு போட்டாலும் அடித்தளம் அந்த அறைதான்.

இதை அக்கா கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தாள். "தண்ணி சூட்ட எடுத்துக்கிட்டுப் போவுதுன்னு சொல்றியே, எங்க போவுது?" "ரேடியேட்டருக்கு." "அங்கேர்ந்து?" "ரூமுக்கு." "அப்ப என் ரூம்லதானே இருக்கு!"

கேள்வியில் தப்பே இல்லை. வெறும் விசிறி போட்டாலும் தண்ணீர் விட்டாலும் 600 வாட் 600 வாட்தான். சிப்புக்குக் குளிர்ச்சி கிடைக்கிறது, சத்தம் குறைகிறது, ஆளுக்கு ஒன்றும் குறையவில்லை. ஒரு குதிரைச் சக்தி ஏர்கோன் சுமார் 2.6 கிலோவாட் சூட்டை வெளியே தள்ளும். அதில் கால்வாசியை இந்த மெஷின் ஒன்றே தின்றுவிடும். வெளியே தள்ளினதும் பின்சந்துக்குத்தான் போகிறது, அங்கே எதிர்வீட்டுச் சமையலறை.

அதனால் நான் சொன்னது இது. விளக்கையும் கெட்டிக் குழாயையும் கூடையிலிருந்து தூக்கு. ஒரு ரேடியேட்டரைப் பெட்டியின் மேலே வை. இன்னொன்றை ரப்பர் குழாய் நீட்டி ஜன்னல் ஓரம் வை, விசிறி வெளியே ஊதட்டும். பெட்டிக்குள் எல்லாம் அடக்க வேண்டும் என்று யார் சொன்னது? மழைச்சாரல் படாமல் பார்த்துக்கொள், அவ்வளவுதான். அழகாக இருக்காது என்று முகம் சுளித்தான். அக்காவுக்கு மட்டும் யோசனை பிடித்துவிட்டது.

சாமான் வந்த அன்று பழைய ஒரு சிப்பையும் பெட்டியில் கண்டெடுத்தான். தலையில் மலாய் என்று ஆங்கில எழுத்தில் அச்சு, இங்கே கட்டினது. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். இந்த மாதிரிச் சிப்பின் மேல்தான் பேஸ்ட் தடவி பிளாக்கை அமுக்குவோம், எழுத்து மறைந்துவிடும் என்றேன். "மறையட்டும், கம்பி அடியிலதானே இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள்.

தண்ணீர் ஊற்றுமுன் காற்று அடித்துச் சோதித்தோம். மோட்டார் டயர் பம்பு மாதிரி சின்னது, அழுத்தமானி வைத்தது, அரை பாருக்குமேல் வேண்டாம். முள் இறங்கவில்லை. சிப்புக்கு மட்டும்தான் இப்போது லூப், கார்டு அதன் சொந்த விசிறியிலேயே ஓடுகிறது. கார்டுக்கும் பிளாக் போடலாமே மாமா என்று அன்றைக்கே ஆரம்பித்துவிட்டான். சிப் பிளாக் ஒன்று வாங்கினால் கிளிப்பை மாற்றி அடுத்த சிப்புக்கும் போடலாம். கார்டு பிளாக் அப்படியில்லை, அந்த ஒரு மாடலின் பலகைக்கு மட்டும் அளவெடுத்துச் செய்தது, அதே எண் வேறு கம்பெனி கார்டானால்கூடப் பலகை மாறி, பிளாக் சேராமல் போகலாம். அடுத்த வருடம் கார்டை மாற்றினால் பிளாக்கைக் காகிதம் பறக்காமல் வைக்கத்தான் உதவும். போனஸ் வரட்டும், பார்க்கலாம் என்றேன். அவன் அதற்குள் 240 ரேடியேட்டர் ஒன்றின் விலையை விசாரித்துக்கொண்டிருந்தான், அலுமினியமா செம்பா என்று முதலில் கேட்டு.