உம்மாவின் அறைக்கு எட்டாத வெப்பம்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நாங்கள் குடியேறிப் பல ஆண்டுகள் கடந்துவிட்டன. பனியும் உறைகுளிரும் எங்களுக்குப் பழகிப்போயின. ஆனால், சென்ற ஆண்டு காயல்பட்டினத்திலிருந்து வந்து எங்களோடு தங்கிய உம்மாவுக்கு அதுவே முதல் குளிர்காலம். மாடியில் கராஜுக்கு மேலே அமைந்த அறையை அவர்களுக்கென ஒதுக்கினோம். அறையை ஒட்டியே குளியலறை இருந்தது. இரவில் எழுந்து ஒளு செய்துகொள்ள வசதியாக இருக்கும் என்பதே எங்கள் எண்ணம்.

டிசம்பர் மாதத்தில் ஒருநாள் உம்மா சொன்னார்கள்: "வாப்பா, தரையில இருக்கிற அந்தச் சல்லடை வழியா குளிர்காத்துதான் வருது."

நாங்கள் கூடத்துச் சுவரில் இருந்த தெர்மோஸ்டாட்டைக் காட்டினோம். அதில் 21 டிகிரி என்றிருந்தது. "வீடு சூடாகத்தான் இருக்கிறது உம்மா. ஊர் வெயிலில் இருந்து வந்த உடம்பு, போகப் போகப் பழகிவிடும்" என்றோம். கம்பளிக் காலுறையும் சால்வையும் வாங்கிக் கொடுத்தோம். அதன் பிறகு உம்மா அதைப்பற்றிப் பேசவில்லை. அவர்கள் பேசாமல் இருந்ததைக் குறை தீர்ந்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டோம்.

ஜனவரியில் ஒருநாள் சுபுஹுக்குச் சற்று முன்பு எழுந்தபோது, உம்மா தம் தொழுகை விரிப்பை நடைவழியில் விரித்துத் தொழுதுகொண்டிருப்பதைக் கண்டோம். அறைக்குள் சென்று பார்த்தால், வென்ட்டின் மீது குளியல் துண்டொன்று நான்காக மடித்து அழுத்தி வைக்கப்பட்டிருந்தது. அறைக்கு வெப்பம் வரும் ஒரே வழியை அவர்களே அடைத்திருந்தார்கள். காற்று வராவிட்டால் குளிராது என்பது அவர்கள் கண்ட அனுபவம். பல வாரங்களாக எங்கள் வீட்டிலேயே எங்கள் உம்மா இவ்வாறு ஒதுங்கி வாழ்ந்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

உடனே நாங்கள் செய்ததும் தவறான காரியமே. தெர்மோஸ்டாட்டை 23 டிகிரிக்கு உயர்த்தினோம். பிள்ளைகளின் அறை புழுங்கியது; எரிவாயுக் கட்டணம் ஏறியது; உம்மாவின் அறையிலோ பெரிய மாற்றம் எதுவும் இல்லை. வீண்விரயம் கூடாது என்று பிள்ளைகளுக்கு அறிவுறுத்தும் நாங்கள், எரிவாயுவை வீணாக எரித்துக்கொண்டிருந்தோம்.

எண்ணை உயர்த்தினால் வென்ட்டில் வரும் காற்று மேலும் சூடாகும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எங்களுடையதைப் போன்ற ஒற்றைநிலை ஃபர்னஸுக்கு இரண்டே நிலைகள்தாம்: எரிவது, அணைவது. 19 என்று வைத்தாலும் 25 என்று வைத்தாலும் அது ஒரே வலிமையுடன்தான் எரிகிறது. எப்போது அணைய வேண்டும் என்பதை மட்டுமே அந்த எண் தீர்மானிக்கிறது. ஆகவே, நாங்கள் கவனித்திருக்க வேண்டியது அந்த எண்ணை மட்டும் அன்று. ஃபர்னஸ் ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் தொடர்ந்து எரிகிறது என்பதையும்தான்.

ஓர் இரவு, சமையலறை வெப்பமானியையும் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு உம்மாவின் அறையில் அமர்ந்தோம். முதலில் கண்டறிந்தது விசிறியைப் பற்றியது. காற்று வீட்டில் சுற்றிக்கொண்டே இருப்பது நல்லது என்று எண்ணி, விசிறியை எப்போதும் இயங்கும்படி வைத்திருந்தோம். அதனால் ஃபர்னஸ் அணைந்திருந்த நேரத்திலும் காற்று வந்துகொண்டே இருந்தது. சூடேற்றப்படாத கராஜின் கூரைக்குள் நீண்ட தூரம் பயணித்து உம்மாவின் அறையை அடைந்தபோது அக்காற்றின் வெப்பம் 18 டிகிரி. உம்மா சொன்னது சொல்லுக்குச் சொல் உண்மை. விசிறியை 'ஆட்டோ' நிலைக்கு மாற்றினோம்.

பிறகு எரியும் நேரத்தைக் கணக்கிட்டோம். வெளியே அன்று கடுங்குளிர் இல்லை. ஃபர்னஸ் 5 நிமிடம் எரிந்தது, 7 நிமிடம் அணைந்திருந்தது, மீண்டும் எரிந்தது. அதாவது ஒரு மணி நேரத்தில் 5 சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் அடுப்பு பற்றிக்கொண்டு உட்புற உலோகம் சூடேறிய பிறகே விசிறி சுழலத் தொடங்குகிறது. முதலில் புறப்படும் வெப்பத்தைக் குளிர்ந்து கிடக்கும் தகரக் குழாய்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. குழாய்கள் சூடேறி, நல்ல வெப்பக்காற்று கடைசி அறையை எட்டும் தறுவாயில் கூடத்துத் தெர்மோஸ்டாட் திருப்தியடைந்து ஃபர்னஸை அணைத்துவிடுகிறது. கூடத்து வென்ட்டில் 44 டிகிரிக் காற்று வந்தபோது, உம்மாவின் அறையில் 30 டிகிரியைத் தாண்டவில்லை.

30 டிகிரி குளிரா என்று கேட்கலாம். நம் தோலின் வெப்பம் ஏறத்தாழ 33 டிகிரி. அதைவிடக் குறைந்த வெப்பமுள்ள காற்று வீசிப் படும்போது உடல் வெப்பத்தை இழக்கிறது, குளிர்வதாகவே உணர்கிறோம். உம்மாவோ ஒளு செய்த ஈரக் கைகால்களோடு அந்த வென்ட்டின் அருகில் நின்றார்கள். ஈரம் ஆவியாகும்போது மேலும் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. காலுறையும் காலணியும் அணிந்து கூடத்தில் நின்ற எங்களுக்கு அந்தக் குளிர் தெரியாமல் போனதில் வியப்பில்லை.

தெர்மோஸ்டாட்டின் கையேட்டைப் படித்தோம். பல தெர்மோஸ்டாட்களில் ஒரு மணி நேரத்திற்கு எத்தனை சுற்றுகள் என்று நிர்ணயிக்கும் அமைப்பு உள்பட்டியலில் இருக்கிறது. வழக்கமாக, பழைய வகை எரிவாயு ஃபர்னஸுக்கு 5, 90 விழுக்காட்டுக்கு மேல் திறனுள்ள ஃபர்னஸுக்கு 3, மின்சார ஃபர்னஸுக்கு 9 என்று அது பரிந்துரைக்கப்படுகிறது. எங்கள் ஃபர்னஸின் புகை, உலோகப் புகைபோக்கி வழியாக அன்றி, பக்கச் சுவரில் நீட்டிய வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் வழியாக வெளியேறுகிறது; உயர்திறன் வகைக்கு அது அடையாளம். ஆனால், எங்கள் தெர்மோஸ்டாட்டில் 5 என்றே இருந்தது. அதை 3 ஆக மாற்றினோம்.

இதன் கணக்கு எளிது. ஃபர்னஸ் பாதி நேரம் எரிய வேண்டிய ஒரு நாளில் 5 சுற்றுகள் என்றால், 6 நிமிடம் எரிந்து 6 நிமிடம் ஓயும். 3 சுற்றுகள் என்றால், 10 நிமிடம் எரிந்து 10 நிமிடம் ஓயும். இரண்டிலும் மொத்தம் எரியும் நேரம் 30 நிமிடமே. வீடு இழக்கும் வெப்பத்தைத்தான் ஃபர்னஸ் ஈடுசெய்கிறது. அதைச் சிறு சிறு பங்காகக் கொடுக்கிறதா, பெரும் பங்காகக் கொடுக்கிறதா என்பதே வேறுபாடு. பெரும் பங்காக வரும்போது குழாய்கள் முழுதும் சூடேறிக் கடைசி அறைக்கும் உரியது போய்ச் சேருகிறது. மறுநாள் இரவு அளந்தபோது உம்மாவின் அறையில் காற்று 38 டிகிரியை எட்டியிருந்தது. தெர்மோஸ்டாட்டை மீண்டும் 21-க்கே இறக்கினோம்.

ஆசை மிகுந்து சுற்றுகளை 1 ஆகவும் குறைத்துப் பார்த்தோம். அது அளவு மீறிய செயலாயிற்று. ஃபர்னஸ் மறுபடி எரியும் முன்பே வீடு குளிர்ந்தது; எரிந்தபின் தேவைக்கு மேல் சூடேறியது. மறுநாளே 3-க்குத் திரும்பினோம். சில தெர்மோஸ்டாட்களில் சுற்றின் எண்ணிக்கைக்குப் பதிலாக, எத்தனை டிகிரி இறங்கினால் எரிய வேண்டும் என்ற இடைவெளியைக் குறிக்கும் அமைப்பு இருக்கும். அந்த இடைவெளியைச் சற்றே கூட்டினால் சுற்று நீளும். அங்கும் அளவோடு நிற்பதே நலம்.

ஒன்றை மறவாமல் சொல்ல வேண்டும். ஃபர்னஸ் அடிக்கடி அணைவதற்குத் தெர்மோஸ்டாட் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. காற்று வடிகட்டி தூசியால் அடைபட்டால் உட்புறம் அளவுக்கு மேல் சூடேறி, பாதுகாப்பு விசை அடுப்பை அணைத்துவிடும். வடிகட்டியை மாற்றிய பிறகும் அவ்வாறு நிகழ்ந்தால், உரிமம் பெற்ற தொழில்நுட்பரை அழைப்பதே முறை. எரிவாயு சார்ந்த எதையும் நாமே திறந்து பார்க்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாத வீட்டில் முதலில் அதைப் பொருத்துங்கள். எங்கள் வீட்டிற்கு வந்த தொழில்நுட்பர் கராஜின் கூரையில் செல்லும் குழாயின் இணைப்புகளை அடைத்து, அதன்மேல் வெப்பக்காப்பும் சுற்றித் தந்தார். அதனால் அறை மேலும் இதமாயிற்று. வெப்ப பம்ப் வைத்திருப்பவர்களுக்கு இக்கணக்கு பொருந்தாது. மிதமான வெப்பக்காற்றை நெடுநேரம் தருவதே அதன் இயல்பு.

சில நாட்களில் உம்மா அந்தத் துண்டை எடுத்துத் துவைத்து அலமாரியில் வைத்தார்கள். விரிப்பும் நடைவழியிலிருந்து அறைக்குத் திரும்பியது. "இப்பத்தான் அந்தச் சல்லடைக்கு உயிர் வந்திருக்கு" என்றார்கள். குறைகூறும் தொனி அதில் சிறிதும் இல்லை. அதுவே எங்களை மேலும் வருத்தியது.

சுவரில் தெரிந்த எண் பொய் சொல்லவில்லை. அது கூடத்தின் வெப்பத்தைச் சொன்னது. உம்மாவின் அறையைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. தெரிந்தவர் சொன்னபோது, தெரியாத ஒன்றைச் சாட்சிக்கு அழைத்து அவர்களை வாயடைத்துவிட்டோம். முதியவர்கள் இரண்டாம் முறை கேட்கத் தயங்குவார்கள். பிள்ளைகளுக்குச் சுமையாகிவிடக் கூடாது என்று அஞ்சுவார்கள். முதல் முறை சொல்லும்போதே எழுந்து போய்ப் பார்ப்பது நம் கடமை.

குளிர்நாடுகளில் பெற்றோரை உடன் வைத்திருக்கும் சகோதர சகோதரிகளிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றே. ஒருநாள் சுபுஹு நேரத்தில் ஒளு செய்த ஈரக்கால்களோடு அவர்களுடைய அறைக்குச் சென்று, வென்ட்டின் அருகே 10 நிமிடம் நின்று பாருங்கள். தெர்மோஸ்டாட்டில் என்ன மாற்ற வேண்டும் என்பதை அதன் பிறகு முடிவு செய்யுங்கள்.