ஒரே குடும்பத்துக் காய்கள்

எங்கள் வீடு அப்போது பெங்களூரு மாவள்ளியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடித்த கையோடு தாத்தா கிளம்பிவிடுவார், பின்னாலேயே நான். 1760இல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக் பூங்கா எங்களுக்கு நடந்துபோகிற தூரம்தான். ஊரெல்லாம் அங்கே கண்ணாடி மாளிகையைப் பார்க்கப் போகும். தாத்தா மரங்களில் மாட்டியிருந்த பலகைகளைப் பார்க்கப் போவார். மேலே இரண்டு சொல்லில் பெயர், கீழே குடும்பம். எழுத்துக்கூட்டி நான்தான் படிக்க வேண்டும். ‘டாமரிண்டஸ் இண்டிகா’ என்று ஒருவழியாக முடித்தால், “அதான் நம்ம புளிய மரம்” என்பார்.

மாசி, பங்குனியில் மரத்தடியெல்லாம் காய் உதிர்ந்து கிடக்கும். வாள்போல நீண்ட குல்மொஹர் காய், பிசுபிசுவென்று கையில் ஒட்டும் தூங்குமூஞ்சிக் காய், ஒற்றை விதையோடு தட்டையான புங்கங்காய், புளியங்காய் எல்லாவற்றையும் பொறுக்கிவரச் சொல்வார். கல்பெஞ்சில் வரிசையாக வைப்போம். “பூவைப் பாத்தா சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். காயைப் பொளந்து பாரு கண்ணு.” குல்மொஹர் காயைக் கல்லால் தட்டிப் பிளப்பேன். உள்ளே ஓர் ஓரமாக விதைகள் வரிசைகட்டி இருக்கும். மார்கழியில் பாட்டி படி படியாக உரித்துப்போடும் அவரைக்காயிலும் அதே வரிசை. அவரையும் அந்த நெடுமரங்களும் ஒரே குடும்பம் என்று அந்த பெஞ்சில்தான் தெரிந்துகொண்டேன். மரத்தை உயரத்தால் அல்ல, பூவாலும் காயாலும் அறிய வேண்டும் என்பது தாத்தாவின் பாடம்.

நாங்கள் புங்கம் என்பதை அடுத்த வீட்டு அஜ்ஜி கன்னடத்தில் ஹொங்கே என்பார். ஊருக்கு ஊர் பெயர் மாறுகிற உயிர்களுக்கு உலகம் முழுக்க ஒரே பெயர் வேண்டும். 1753இல் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் தாம் அறிந்த தாவரங்களுக்கெல்லாம் அப்படி இரட்டைப் பெயர் சூட்டினார். முன்பெயர் பேரினம், பின்பெயர் சிற்றினம். உறவு தெளியத் தெளிய முன்பெயர் மாறும். 1800இல் தூங்குமூஞ்சி ‘மிமோசா சமான்’. 1916இல் அது ‘சமானியா சமான்’ ஆனது. பின்பெயர் மட்டும் கூடவே வந்தது. 2017இல் மரபணுவை ஒப்பிட்டு இந்த அவரைக் குடும்பத்தையே ஆறு கிளைகளாகப் பிரித்தார்கள். தாத்தா வரிசையாக வைத்த காய்கள் அதில் மூன்று கிளைகளுக்குப் போயின; குடும்பம் மட்டும் உடையவில்லை.

பெயர் சூட்டும் வேலை இன்னும் முடியவில்லை. பெங்களூருவின் புறநகரில் கண்ட, மண்ணுக்குள் புதைந்து வாழும் தவளை ஒன்று புதிய இனம் என்று தெரிந்து, 2020இல் ‘ஸ்ஃபேரோதேகா பெங்களூரு’ என்று பெயர் பெற்றது. ஒரு கோடிப் பேருக்கு மேல் வாழும் ஊரின் ஓரத்திலேயே அது அதுவரை பெயரில்லாமல் இருந்திருக்கிறது. பெயரில்லாத உயிர் அழிந்தால் அழிந்ததுகூட யாருக்கும் தெரியாது. உங்கள் தெருவில் நிற்கும் மரத்தின் பெயரையும் குடும்பத்தையும் இந்த வாரமே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.