எழுதுமேசையும் தச்சுமேசையும்

நம்மவர் வீடுகளிலே எழுதுமேசை இல்லாத வீட்டைக் காண்பது அரிது. பிள்ளை பள்ளிக்குச் செல்லத் தொடங்கியதும் அதற்கென ஒரு மேசையும் ஒரு விளக்கும் ஒதுக்கிவிடுகிறோம். அந்த மேசையைப் பெற்றெடுத்த தச்சுமேசைக்கு மட்டும் படித்தவர் வீட்டிலே இடமில்லை. உளியும் வாளும் பிழைப்புக்கு உரியவை, நூலும் எழுதுகோலும் பெருமைக்கு உரியவை என்று எப்படியோ பிரித்துவைத்துவிட்டோம். பௌதிகவியல் கற்பிக்கும் எனக்கு இப்பிரிவினையின் விளைவு வகுப்பறையிலேயே தெரிகிறது. தந்தியின் அதிர்வுக்குரிய சமன்பாட்டைப் பிழையின்றி எழுதும் மாணவன், அந்த அதிர்வு ஒரு கிற்றாரின் மேற்பலகைக்கு எவ்வழியாகச் செல்கிறது என்று கேட்டால் விழிக்கிறான்.

என் மூத்த மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த நாட்களிலே, தன் கையாலேயே ஒரு கிற்றார் செய்யவேண்டும் என்றான். வீட்டிலே சிறு சலசலப்பு எழுந்தது. “ஏன் மருமகன், படிச்ச புள்ளைக்கு ஓடாவி வேலையா?” என்று மாமி கேட்டார். அவருடைய கவலை எனக்கு விளங்காமலில்லை. கையை நம்பி வாழ்ந்தவர் பட்ட பாட்டைக் கண்ட தலைமுறை அது. நான் வாதம் செய்யவில்லை. மகனை அழைத்துக்கொண்டு நகரிலே வாழும் பறங்கியர் சமூகத்துப் பெரியவர் ஒருவரிடம் சென்றேன்.

மட்டக்களப்பிலே கிற்றார் புதிதாக வந்த பொருளன்று. 1628ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் புளியந்தீவிலே கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். ஆட்சி மாறினாலும் போர்த்துக்கேயர் வழிவந்த குடும்பங்கள் இவ்வாவிக் கரையிலேயே நிலைத்தன. அவர்களுள் பலர் தச்சராகவும் கொல்லராகவும் தையற்காரராகவும் புகழ்பெற்றனர். போர்த்துக்கேயச் சாயல் கொண்ட அவர்களது வீட்டுமொழி இன்றும் முதியோர் வாயிலே வாழ்கிறது. திருமண வீடுகளிலே வயலினும் மண்டலினும் கிற்றாரும் சேர்ந்து ஒலிக்கும் கஃப்ரிஞ்ஞா ஆட்டமும் அவ்வாறே. 2004ஆம் ஆண்டின் கடற்பேரலை டச்பார் பகுதியிலிருந்த அவர்களது குடியிருப்பை அழித்தது. எஞ்சியவர் பலர் வேறிடங்களுக்குப் போய்விட்டனர்.

நாங்கள் கண்ட பெரியவருக்கு வயது எழுபத்தாறு. கதவும் நிலையும் செய்து வாழ்ந்தவர். கலியாண வீட்டுக் கிற்றார்களைப் பழுதுபார்த்தும் வந்தவர். அவருடைய பிள்ளைகள் கடல்கடந்து வாழ்கின்றனர். கருவிகள் ஒரு பெட்டியிலே உறங்கிக்கொண்டிருந்தன. அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததும் கேட்ட முதற் கேள்வி மரத்தைப் பற்றியதன்று. “மேசை எங்க மகன்?” என்றார். மகன் சாப்பாட்டு மேசையைக் காட்டினான். பெரியவர் அதன் மூலையிலே ஒரு விரலை வைத்து அழுத்தினார், மேசை ஆடியது. “ஆடுற மேசையில சீவினா சீவுளி மரத்தைச் சீவாது, மேசையத்தான் தள்ளும்” என்று சொல்லிச் சிரித்தார். கிற்றாருக்கு முன் மேசை செய்யவேண்டும் என்பது அங்கேயே முடிவாயிற்று.

இதிலே காரணம் உண்டு. நைலோன் தந்தி பூட்டும் கிற்றாரின் மேற்பலகை ஏறக்குறைய இரண்டரை மில்லிமீற்றர் தடிப்பே உடையது. ஆறு தந்திகளும் சேர்ந்து 40 கிலோகிராம் பாரத்துக்கு ஒப்பான விசையுடன் அதனை இழுக்கின்றன. பலகை தடித்தால் ஒலி அடங்கும்; மெலிந்தால் பலகை வளையும். இந்த நுட்பத்தைக் கைக்குச் சொல்லித்தரும் அடித்தளம் மேசையே. அது கோணினால் அதன்மேற் கிடக்கும் பலகையும் கோணும். இன்றைய கிற்றாரின் வடிவத்தை நிலைநிறுத்திய ஸ்பெயின் நாட்டு அந்தோனியோ டி தொறேஸ் (1817–1892) தச்சுப் பட்டறையிலே தொழில் பழகியவரே. ஒலிக்கு உயிர் மேற்பலகைதான் என்று காட்ட, 1862இல் அவர் பின்புறத்தையும் பக்கங்களையும் காகித அட்டையாலே செய்து ஒரு கிற்றார் படைத்தார். அந்நாட்டு மரபிலே, மேசைமீது கிற்றார் வடிவான ஓர் அச்சுப்பலகையை வைத்து, கருவியை அதிலே முகங்குப்புறக் கிடத்திப் படிப்படியாகக் கட்டுவர்.

பின்தாழ்வாரத்திலே இடம் தெரிந்தோம். மேசைக்கு இடப்புறம் யன்னல் அமையவேண்டும் என்றார் பெரியவர். பக்கவாட்டில் விழும் ஒளியிலேதான் பலகையின் மேடுபள்ளம் நிழலாகத் தோன்றும். இடித்த வீடொன்றிலிருந்து வாங்கிய பாலைமர உத்தரங்கள் கால்களாயின. இரண்டரை அங்குலத் தடிப்புள்ள பழைய முதிரைப் பலகைகள் மேற்றளமாயின. துளையிட்டுக் கழுந்து செருகி ஆப்பு அடித்தோம். ஆணி ஒன்றும் இல்லை. மேசையிலே மரத்தைத் தடுத்து நிறுத்தும் கட்டைகளும் மரமே. இரும்பென்றால் சீவுளியின் வாயும் கெடும், மெல்லிய பலகையும் வடுப்படும். சீவுவதற்கு உடலின் பாரம் இறங்கவேண்டும். ஆதலால் உயரம் 33 அங்குலம். நுண்வேலைக்குக் கண்ணருகே பொருள் வரவேண்டும். அதற்கு மேசைமேல் வைக்க ஒரு சிறு மேடைப்பெட்டி.

கடினமான பகுதி மட்டம் பார்த்தலே. மேசையின் இரு முனைகளிலும் நேரான இரு கோல்களைக் குறுக்கே வைத்து, ஒன்றின் மேல்விளிம்பு வழியாக மற்றதைப் பார்க்கவேண்டும். இரண்டும் ஒரே கோடாகத் தெரிந்தால் முறுக்கில்லை. மகன் சீவுவான், பார்ப்பான், மறுபடியும் சீவுவான். மூன்று வாரங்கள் இவ்வாறே கழிந்தன. பரீட்சைக்குப் படித்தபோதுகூட அத்தகைய பொறுமையை நான் அவனிடம் கண்டதில்லை.

மேசை முடிந்தபோது மாரி தொடங்கிவிட்டது. உடனே பலகை ஒட்டலாமா என்று மகன் கேட்டான், பெரியவர் மறுத்தார். ஈரக்காற்றிலே மரம் குறுக்குவாட்டில் விரியும். அந்நிலையில் குறுக்குச் சட்டங்களை ஒட்டிவிட்டால், வெயில் காலத்திலே பலகை சுருங்க முயலும்; சட்டங்கள் விடமாட்டா; பலகை வெடிக்கும். ஆகவே வைகாசிக்குப் பின் கச்சான் காற்று வீசி ஈரம் குறையும் நாட்களிலே வச்சிரம் காய்ச்சவேண்டும் என்றார். மேனாட்டுப் பட்டறைகளிலே இயந்திரம் கொண்டு காற்றின் ஈரத்தை அளந்து அடக்குகின்றனர். இந்த மனிதர் அதே விதியைக் காற்றின் பெயரால் அறிந்து வைத்திருக்கிறார்.

இவ்விடத்திலே நம் மண்ணின் பேரறிஞர் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தொறேஸ் மறைந்த அதே 1892இல் காரைதீவிலே பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்ற அவர், வழக்கொழிந்த யாழை இலக்கியத்திலிருந்தும் கணிதத்திலிருந்தும் மீட்டு யாழ்நூல் இயற்றினார். 1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரிலே அது அரங்கேறியபோது, அவர் கண்ட முறைப்படி அமைந்த யாழும் மீட்டப்பட்டது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். நூலைப் போற்றுவோர் பலர். கணக்கை மரமாக்கிய கைகளை எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஏட்டிலிருந்த நரம்பும் ஏதோ ஒரு தச்சுமேசையின் மீது கிடந்த பின்னரே இசைத்திருக்கவேண்டும்.

கல்லடிப் பாலத்தருகே நிலவு நாளிலே பாடுமீன் கேட்கச் செல்வோர், துடுப்பின் ஒரு முனையை நீரில் ஊன்றி மறுமுனையைக் காதிலே வைப்பர். நீரின் ஒலியை மரம் செவிக்குக் கொண்டுவரும் என்று நம் மீனவர் எந்தச் சூத்திரமும் கல்லாமலே அறிந்திருந்தனர். மாணவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் இதுவே: சூத்திரமும் துடுப்பும் பகையல்ல. இரண்டையும் ஒரே வீட்டிலே வைத்துப் பழகுங்கள்.

பெரியவர் இப்போது சனிக்கிழமை தோறும் வருகிறார். அவர் சொல்வதையெல்லாம் மகன் ஒரு கொப்பியிலே எழுதுகிறான். பலாமரப் பலகைகள் இடைக்கட்டைகளோடு அடுக்கப்பட்டுக் காய்கின்றன. சென்ற கிழமை மாமி, கால் ஆடிய தம் திருவலையை மேசைமேல் வைத்து, “இதையும் ஒருக்காப் பாரன்” என்று பேரனிடம் சொன்னார். பெரியவரோ தம் தந்தையார் பயன்படுத்திய சீவுளியைக் கொண்டுவந்து மேசையிலே வைத்தார். போகும்போது எடுத்துச் செல்லவில்லை. நம் ஊர்களிலே இத்தகைய பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே போய்க் கேளுங்கள்.