ஏன்க்கா பிரேக் போடுறீங்க?

தோழர்களுக்கு முதலில் ஒரு வாக்குமூலம். ஏழு மாதமாக வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் எங்கே போகிறேன் என்று கேட்டவர்களிடமெல்லாம் வாக்கிங் என்று சொல்லி வந்தேன். பொய். டென்னிஸ் கற்றுக்கொள்ளப் போகிறேன். கோர்ட்டுக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் பொய்யாகவும் ஆகியிருக்காது, யாரும் மறு கேள்வி கேட்டிருக்கவும் மாட்டார்கள். வக்கீலுக்கு அது அப்போது தோன்றவில்லை.

மறைத்ததற்குக் காரணம் வெட்கம். “என்ன தோழர், டென்னிஸா?” என்று ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பை நானே மற்றவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். 47 வயது, சர்க்கரை, ஏறி இறங்கும் ரத்த அழுத்தம். டாக்டர் நடக்கத்தான் சொன்னார். நடந்தால் தலைக்குள் வழக்குக் கட்டுகளும் கூடவே நடக்கின்றன. பந்து எதிரே வரும்போது மட்டும் அவை வருவதில்லை.

அம்பத்தூர் பக்கம் ஒரு பழைய சிமெண்ட் கோர்ட். அங்கங்கே விரிசல், ஒரு மூலையில் மழைத் தண்ணீர் தேங்கிய கறை. சொல்லிக்கொடுக்கும் தம்பிக்கு முப்பது வயது இருக்கும். சின்ன வயதில் ஒரு கிளப்பில் பந்து பொறுக்கிப் போட்டவர், பிறகு அங்கேயே மார்க்கர். மார்க்கர் என்றால், ஆட ஆள் கிடைக்காத உறுப்பினருக்கு எதிரே நின்று சம்பளத்துக்கு ஆடிக்கொடுப்பவர். உறுப்பினரைவிட நன்றாக ஆடத் தெரிந்திருக்க வேண்டும், அதை ரொம்பவும் காட்டிக்கொள்ளக் கூடாது. “அதுதான்க்கா கஷ்டமான வேலை” என்றார் ஒரு நாள், ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே. 

நான் கற்றுக்கொள்ள விரும்பியது ஒன்றே ஒன்று. டாப்ஸ்பின் ஃபோர்ஹேண்ட். வலது கைக்காரருக்கு வலப்பக்கம் வரும் பந்தை, கீழிருந்து மேலாகத் தேய்த்தபடி அடிப்பது. டிவியில் நடால் அடிக்கும்போது பந்து வானத்துக்குப் போவது போலப் போய், கடைசி நொடியில் யாரோ நூல் கட்டி இழுத்த மாதிரி கோட்டுக்குள் விழுமே, அது.

அது ஏன் விழுகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோர்ட்டின் நீளம் 78 அடி. நடுவில் நெட், மையத்தில் 3 அடி உயரம். பேஸ்லைனில் நின்று தட்டையாக, வேகமாக அடித்தால் பந்து நெட்டைத் தாண்டவும் வேண்டும், அந்தப் பக்கத்து 39 அடிக்குள் இறங்கவும் வேண்டும். கீழே இழுப்பதற்குப் புவியீர்ப்பு மட்டும்தான். வேகம் கூடக் கூட அதற்கு நேரம் போதாது. கொஞ்சம் தாழ்ந்தால் நெட், கொஞ்சம் உயர்ந்தால் வேலி. ஆனால் பந்தின் மேல்பகுதி முன்னோக்கி உருளும்படி சுழற்றி அனுப்பினால், சுழலும் பந்து காற்றை மேலே தள்ளுகிறது, காற்று பந்தைக் கீழே தள்ளுகிறது. சாய்த்து அடித்த டென்னிஸ் பந்து வளைந்து போவதை நியூட்டனே 1672-இல் ஒரு கடிதத்தில் குறித்திருக்கிறார். பின்னாளில் அதை ஆராய்ந்த மேக்னஸின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. நடாலின் ஃபோர்ஹேண்ட் சராசரியாக நிமிடத்துக்குச் சுமார் 3,200 சுற்று சுழல்வதாக அளந்திருக்கிறார்கள். அவருக்கு முந்தைய தலைமுறை சாம்ப்ராஸும் அகாசியும் 1,800, 1,900 என்ற அளவில்தான். என்னுடையதை அளக்கக் கருவி தேவைப்படாது, பந்தில் அச்சடித்திருக்கும் கம்பெனிப் பெயரை அது பறக்கும்போதே படித்துவிடலாம்.

பிடியை மாற்றுவதில் தொடங்கியது. ராக்கெட் கைப்பிடிக்கு எட்டு முகம். நான் கைகுலுக்குவது போலப் பிடித்திருந்தேன். தம்பி ராக்கெட்டைத் தரையில் படுக்கவைத்து, “தோசைக் கரண்டி கீழ விழுந்தா எப்படி எடுப்பீங்க, அப்படி எடுங்க” என்றார். உள்ளங்கை கைப்பிடிக்கு அடியில் போய் உட்கார்ந்தது. செமி வெஸ்டர்ன் பிடி என்று பெயர். முதல் இரண்டு வாரம் எல்லாப் பந்தும் நெட்டின் அடியில் போய் விழுந்தது. பிறகு முழங்காலை மடக்க, இடது கையை முன்னால் நீட்டி உடம்பைத் திருப்ப, ராக்கெட் தலையைப் பந்துக்குக் கீழே இறக்க, உடம்புக்கு முன்னாலேயே பந்தைச் சந்திக்க. எல்லாம் வந்தது. பந்து மட்டும் சுழலவில்லை.

மூன்றாவது மாதம் தம்பி தன் போனில் எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டினார். கை நன்றாகத்தான் வருகிறது. பந்தைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்னால் தயங்குகிறது. அடிக்கவில்லை, தள்ளுகிறேன்.

“ஏன்க்கா பிரேக் போடுறீங்க?”

“வெளிய போயிடுமே தம்பி.”

“போகட்டுமே. மெதுவா அடிச்சாதான்க்கா வெளிய போகும். வேகமாத் தேய்ச்சா சுத்தும், சுத்துனா தானா இறங்கும். பயந்தா இந்த ஷாட்டு வராது.”

இந்த அடியின் வினோதமே இதுதான். மற்ற எல்லாவற்றிலும் தவறு செய்யாமல் இருக்க வேகத்தைக் குறைப்போம். இதில் கூட்ட வேண்டும். மூளைக்குப் புரிந்தது. கைக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து குளிக்கும்போது அப்பா நினைவுக்கு வந்தார்.

அப்பா ஒரு மாவட்டத் தலைநகரில், ஆபீசர்ஸ் கிளப் ஒன்றில், செம்மண் கோர்ட்டைப் பராமரிக்கும் வேலையில் 22 வருடம் இருந்தார். விடிவதற்கு முன் தண்ணீர் தெளிப்பார், கல் ரோலர் இழுப்பார், சுண்ணாம்பில் கோடு போடுவார். மாலை ஆட்டம் முடிந்ததும் கோணிச் சாக்கை இழுத்துத் தடங்களை அழிப்பார். ராக்கெட்டை அவர் கையில் எடுப்பது ஒரே ஒரு காரியத்துக்கு: நெட்டை அளக்க. ஒரு ராக்கெட்டை நட்டமாக நிறுத்தி, அதன் மேல் இன்னொரு ராக்கெட்டின் தலையைக் குறுக்காக வைத்தால் சரியாக 3 அடி. 27 அங்குலமும் 9 அங்குலமும். மைய உயரத்துக்கு அதுதான் அளவுகோல். அளந்து முடித்ததும் துணியால் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவார். அவர் ஆடக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையே யாருக்கும் வரவில்லை.

பள்ளி விட்டதும் நானும் அண்ணனும் அங்கே பந்து பொறுக்குவோம். ஒரு மாலைக்கு ஐம்பது பைசா. முடி உதிர்ந்து வழுக்கையான பந்துகள் எங்கள் காலனிக்கு வந்து கிரிக்கெட் பந்தாக மறுபிறவி எடுக்கும். பந்தைக் கையில் கொடுக்கக் கூடாது, தரையில் உருட்டிவிட வேண்டும் என்பது விதி. வளர்ந்து அரசியல் படித்த பிறகு அதை எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறேன். பிறகு ஒரு நாள் விம்பிள்டனைப் பார்த்தால் அங்கேயும் பிள்ளைகள் பந்தை உருட்டித்தான் விடுகிறார்கள். கொஞ்ச நேரம் குழம்பிப்போனேன். எங்கள் கிளப்பில் இருந்தது ஆட்ட விதியா, மற்ற விதியா? அங்கே தண்ணீர்க் குவளை இரண்டு விதமாக இருந்தது. அது ஆட்ட விதி இல்லை என்பது மட்டும் தெரியும். பந்து விஷயத்தில் இன்றும் எனக்கு உறுதியில்லை, அதனால் மேடைகளில் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

அப்பாவுக்கு ஆடத் தெரியாது, ஆனால் தடம் படிக்கத் தெரியும். செம்மண்ணில் ஒவ்வொரு பந்தும் விழுந்த இடத்தில் அடையாளம் வைக்கும். சாக்கு இழுக்கும் முன் கோர்ட்டை ஒரு சுற்றுச் சுற்றுவார். “பயந்தவன் பந்து நெட்டுல, கோவக்காரன் பந்து வேலியில” என்பார். 1989 வாக்கில் இளவயது அதிகாரி ஒருவர் மாற்றலாகி வந்தார். மற்றவர்களின் பந்து நீளமாக வழுக்கிய தடம் வைக்கும். இவருடையது வட்டமாக, ஆழமாக. அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதைத் தொட்டுப் பார்த்து, “இது வழுக்கல பாப்பா, வந்து குத்துது” என்றார். டாப்ஸ்பின் என்ற சொல் எங்கள் இருவருக்குமே தெரியாது. செங்குத்தாக இறங்கும் பந்து அப்படித்தான் தடம் வைக்கும்.

அந்தக் கோர்ட்டில் நான் கற்றது அடிக்க அல்ல, குறை சொல்ல இடம் கொடுக்காமல் இருக்க. பந்து ஒன்று குறைந்தால் எங்கள் பையைத்தான் பார்ப்பார்கள். அது பள்ளிக்கும் வந்தது, சட்டக் கல்லூரிக்கும் வந்தது. இன்றும் ஒரு மனுவைத் தாக்கல் செய்யும் முன் ஐந்து முறை படிக்கிறேன். எழுத்துப்பிழை யாருக்கும் வரும், என் மனுவில் வந்தால் அதற்கு வேறு விளக்கம் கிடைத்துவிடும். பந்தைத் தொடும் முன் தயங்குகிற கை அந்த ஐந்தாவது முறைப் படிப்பு என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஆர்தர் ஆஷைப் பற்றிப் படித்தபோது இது எனக்கு மட்டும் உரியதல்ல என்று தெரிந்தது. 1943-இல் வர்ஜீனியாவின் ரிச்மண்டில் பிறந்தவர். கறுப்பர்களுக்கென ஒதுக்கப்பட்ட பூங்காவின் பராமரிப்பாளர் அவர் அப்பா. வீடும் அந்தப் பூங்காவுக்குள்ளேயே. டென்னிஸ் கோர்ட் வாசலில் இருந்தது. அவரை வளர்த்தெடுத்த டாக்டர் ராபர்ட் வால்டர் ஜான்சன், 1957-இல் விம்பிள்டன் வென்ற ஆல்தியா கிப்ஸனுக்கும் கைகொடுத்தவர். தன் மாணவர்களுக்கு அவர் வைத்த கட்டுப்பாடு இது: எதிராளியின் பந்து கோட்டுக்கு ஓரிரு அங்குலம் வெளியே விழுந்தாலும் உள்ளே என்று வைத்து ஆடு. வாதாடாதே. கறுப்பன் ஏமாற்றுகிறான் என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதே. அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் கோர்ட் ஓரிரு அங்குலம் பெரிது.

ஆகா, என் கொள்கைக்குச் சான்று கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தேன். அடக்கிவைக்கப்பட்ட கை, விடுதலை பெற்ற கை என்று ஒரு கட்டுரைக்கே தலைப்பு யோசித்தேன். மேலே படித்தால் 1975 விம்பிள்டன் இறுதிப் போட்டி. வேகப் புயலான ஜிம்மி கானர்ஸை ஆஷ் 6-1, 6-1, 5-7, 6-4 என்று வென்றது பந்தை ஓங்கி அடித்து அல்ல. வேகத்தை எடுத்துவிட்டு, மெதுவாக, தாழ்வாகத் தள்ளித் தள்ளி. கானர்ஸுக்கு அடிக்க வேகமே கிடைக்கவில்லை. தம்பியிடம் சொன்னேன். சிரித்தார். “அவரு வேணும்னு தள்ளுனாரு. நீங்க வேற வழியில்லாம தள்ளுறீங்க.”

அடுத்த வாரம் அவர் இரண்டு மூங்கில் கொண்டுவந்து, நெட்டுக்கு மேல் என் தலை உயரத்தைத் தாண்டி ஒரு கயிறு கட்டினார். பந்து கயிற்றுக்கு மேல் போக வேண்டும். முழு வேகத்தில் அடிக்க வேண்டும். எங்கே விழுகிறது என்று நான் பார்க்கவே கூடாது, அது அவர் வேலை. முதல் நாள் பாதிப் பந்து சாலைக்குப் போனது. டீக்கடைக்காரர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “மேடம், பாய்லர்ல விழப் பாத்துச்சு” என்றார். எனக்கு உயிர் போனது. தம்பி ஒரு டீ சொல்லி அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு, “அடுத்தது” என்றார்.

அவரும் இதை இப்படித்தான் கற்றிருக்கிறார். கிளப்பில் எல்லோரும் போன பிறகு, பயிற்சிச் சுவரில், உறுப்பினர்கள் கழித்துப்போட்ட பாலியஸ்டர் நரம்பை ஒட்டுப்போட்டுக் கட்டிய ராக்கெட்டில். 1997-இல் குயர்டன் பிரெஞ்சு ஓப்பனை வென்றது அந்த வகை நரம்பில்தான், அதன்பின் உலகமே அதற்கு மாறியது. பந்து பட்டதும் நரம்பு வழுக்கிப் போய்ச் சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்பும், அந்த இழுப்பில் சுழற்சி கூடும். சுவர் எதையும் நினைத்துக்கொள்ளாது என்பது அவருக்கு வசதியாக இருந்ததாம்.

ஐந்தாவது மாதம் ஒரு புதன்கிழமை. பந்து கயிற்றுக்கு மேல் நன்றாக ஏறியது. போச்சு, சாலைதான் என்று நானே பந்தெடுக்கத் திரும்பிவிட்டேன். “அக்கா, பாருங்க” என்று கத்தினார். பேஸ்லைனுக்கு ஒரு அடி உள்ளே விழுந்து, அவர் தோளுக்கு மேலே எகிறிக்கொண்டிருந்தது. சத்தமும் வேறாக இருந்தது, வழக்கமான ‘டொப்’ இல்லை, துணி கிழிகிற மாதிரி. அன்று 40 பந்தில் 11 அப்படி விழுந்தன. அடுத்த நாள் மூன்றுகூட இல்லை. இப்போது பாதிக்குப் பாதி.

போன ஞாயிறு அப்பாவைக் கூட்டிப்போனேன். வயது 79, ஒரு கண்ணில் பார்வை குறைவு. பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, கயிற்றுக்கு மேலாக வரிசையாக இருபது பந்து அடித்தேன். நன்றாகவே அடித்தேன் என்று நினைக்கிறேன். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சிமிட்டியில தடம் விழாதே” என்றார். “எங்க விழுந்துச்சுன்னு எப்படித் தெரியும்?”

பிறகு எழுந்து மெதுவாக நெட்டருகே போனார். என் ராக்கெட்டையும் தம்பியின் ராக்கெட்டையும் கேட்டு வாங்கி, ஒன்றை நிறுத்தி மற்றதைக் குறுக்கே வைத்து, குனிந்து பார்த்தார். நெட் நாலு விரல் தாழ்ந்திருந்தது. தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. அப்பா சைகை காட்ட, அவர் ஓடிப்போய்க் கம்பத்தின் கைப்பிடியைச் சுற்றினார். கம்பி முறுக்கேறி நெட் எழுந்து, குறுக்கு ராக்கெட்டின் விளிம்புக்கு வந்தது.

“பரவாயில்லப்பா, நான் அதுக்கு ரொம்ப மேலதான் அடிக்கிறேன்” என்றேன்.

“அது சரி பாப்பா. அந்தப் பக்கம் வர்ற பந்துக்கு?” என்று இடது பக்கத்தைக் காட்டினார்.

பேக்ஹேண்ட் இன்னும் தொடங்கவில்லை என்று தம்பிதான் அவருக்குப் பதில் சொன்னார். அப்பா இரண்டு ராக்கெட்டையும் வேட்டி நுனியால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.