பிரம்பானனில் இராமகாதை

ஜாவாத் தீவிலே, யோக்யகர்த்தா நகருக்குக் கிழக்கே ஏறக்குறைய 17 கிலோமீட்டர் தூரத்திலுள்ள பிரம்பானன் என்னும் ஊரில் 9ஆம் நூற்றாண்டுக் கோயில்கள் ஓங்கி நிற்கின்றன. நடுவிலுள்ள சிவாலயத்தின் உயரம் 47 மீட்டர். இருமருங்கும் பிரமனுக்கும் திருமாலுக்கும் கோயில்கள். சிவாலயத்தின் தென்புற அறையில் அகத்தியர் எழுந்தருளியிருக்கிறார். தமிழ் முனி என்று நாம் உரிமை கொண்டாடுபவரைக் கடல் கடந்து கண்டதும் எம் கைகள் தாமே குவிந்தன. சுற்றுப்பாதையின் கைப்பிடிச் சுவரிலே இராமகாதை சிற்பமாக ஓடுகிறது. சிவாலயத்தில் தொடங்கிப் பிரமன் கோயிலில் முடிகிறது.

அக்காதையை 1961ஆம் ஆண்டு முதல், கோயில் பின்னணியில் தெரியும்படி அமைந்த திறந்த மேடையில் நாட்டிய நாடகமாக ஆடி வருகின்றனர். வசனமில்லை, கமெலான் என்னும் வெண்கல வாத்தியங்களின் இசையே கதையை நடத்துகிறது. சீதை அங்கே சிந்தா, அனுமன் அனோமான், இலங்கை அலெங்கா. அனுமன் தீ வைக்கும் கட்டத்தில் மேடையில் மெய்யாகவே நெருப்பு எரிகிறது. அவையோர் ஆரவாரித்தனர். இலங்கையிலிருந்து சென்ற நாம் மட்டும் சற்று அடக்கமாகவே கைதட்டினோம்!

ஆடுவோரிற் பெரும்பாலார் முஸ்லிம்கள். ஆட்டம் முடிந்தபின், இராமனாக ஆடிய இளைஞரிடம் எம்முடன் வந்த நண்பர், “தம்பி, உமது சமயத்தவர் இராமனாக ஆடலாமோ?” என்று வழிகாட்டி மூலம் கேட்டார். இளைஞருக்கு வினாவே புதிராயிற்றுப் போலும். “என் தகப்பனார் இலட்சுமணனாக ஆடியவர்” என்றார். அது விடையாகாதென்று நண்பர் கருதினார். எமக்கோ அதுவே முழு விடையாகத் தோன்றியது. இந்தோனேசியாவின் முதற் சனாதிபதி சுகர்ணோவும் முஸ்லிமே. இளமையில் நோயுற்ற பிள்ளைக்குத் தந்தையார் தேடியிட்ட புதுப்பெயர் பாரதத்துக் கர்ணனுடையது.

“இவர்கள் உள்ளத்தால் இந்துக்களே” என்று நண்பர் வழியெல்லாம் பெருமிதங்கொண்டார். எமக்கு அது உடன்பாடன்று. தொழுகை தவறாத ஒருவரை, அவர் கேளாமலே நம் சமயத்திற் சேர்த்துக்கொள்வது அவருடைய நம்பிக்கையை அவமதிப்பதாகும். இத்தகைய கலைகளைக் கண்டிக்கும் முஸ்லிம்கள் அங்கும் உளர் என்பதை மறைப்பதற்கில்லை. நியேப்பித் திருநாளுக்கு முந்திய நாளில் இந்துக்கள் அதே வளாகத்திற் கூடி வழிபடுகின்றனர். அவர்களுக்கு அவ்விடம் வெறுங் கலைக்கூடமன்று.

நம் நாட்டிலோ, சமயம் மாறிய வீட்டிலே தைப்பொங்கற் பானை அடுப்பேறலாமா என்று இன்னும் வழக்காடுகிறோம். விட்டு வந்த சமயத்தாரிற் சிலர் “உங்களுக்கு இனிப் பொங்கல் எதற்கு?” என்கின்றனர்; புகுந்த சமயத்தாரிற் சிலர் “அதை விட்டுவிடுங்கள்” என்கின்றனர். நடுவே அகப்பட்டு விழிப்பது அவ்வீட்டுப் பிள்ளை. அப்பிள்ளை எம் வகுப்பிலே கம்பனையும் படிக்கிறது, உமறுப்புலவரையும் படிக்கிறது. நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாட வந்த அப்புலவர், சீறாப்புராணத்து நாட்டுப் படலத்திலே அரபு நாட்டை வருணிக்கிறார். அங்கே ஆற்றில் வெள்ளம் பெருகி வயலில் நெல் விளைகிறது.