கரடிக்கு எந்தத் துப்பாக்கி?

என் நாவல்களில் இதுவரை பதினொரு பேர் துப்பாக்கிக்கு இரையாகியிருக்கிறார்கள். ஒரு கரடியும் உண்டு. கதாநாயகன் சட்டைப் பையிலிருந்து கைத்துப்பாக்கியை எடுத்து, நூறு கஜத்துக்கு அப்பால் நின்ற அதை ஒரே குண்டில் சாய்த்தான். உண்மையில், தீபாவளித் துப்பாக்கியைத் தவிர வேறெதையும் நான் தொட்டவனல்லன்.

இந்த ரகசியம் தெரியாத என் அக்கா ஒரு நாள் டெலிபோனில் கூப்பிட்டாள். அவள் பிள்ளை அலாஸ்காவில் ஆற்றோரமாகச் சால்மன் மீன்களைக் கணக்கெடுக்கப் போகிறான். மீன் இருக்கும் இடத்தில் கரடியும் இருக்கும்.

"நீதான் துப்பாக்கியைப் பற்றி அத்தனை எழுதியிருக்கிறாயே! குழந்தை எதை எடுத்துக்கொண்டு போகலாம், சொல்லேன்" என்றாள். குரல் நடுங்கிற்று.

கதையில் வரும் கரடியென்றால் சமாளித்து விடலாம். இது நிஜக் கரடி. நாலு நாள் உட்கார்ந்து படித்தேன்.

அமெரிக்க வனத்துறை, அலாஸ்காவில் வேலை செய்யும் தன் ஊழியர்களுக்காகப் பலவகைத் துப்பாக்கிகளை 15 கஜ தூரத்தில் சோதித்து, 1983-இல் முடிவுகளை வெளியிட்டது. பாய்கிற கரடி மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். 15 கஜத்தைக் கடக்க அதற்கு ஒரு வினாடி போதும்! ஆகவே தசையையும் எலும்பையும் துளைத்து ஆழமாக இறங்கும் கனமான குண்டு வேண்டும். .458, .375 முதலிய பெரிய ரைஃபிள்கள் முன்வரிசையில் நின்றன. ஆனால் தோளில் விழும் உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொள்கிறவனுக்கு அவை எதற்கு? பழைய .30-06 ரைஃபிளும், 220 கிரெயின், அதாவது சுமார் 14 கிராம் குண்டும் நன்றாகவே தேறின. கைத்துப்பாக்கிகள் பின்தங்கிவிட்டன. என் கதாநாயகன் அந்த இடத்திலேயே செத்தான்!

மிளகாய்க் காரத்தைப் பீச்சும் டப்பா ஒன்றும் உண்டு. 1985 முதல் 2006 வரை அலாஸ்காவில் நடந்த 83 சம்பவங்களை ஆராய்ந்தவர்கள், பழுப்புக் கரடியிடம் அது நூற்றுக்கு 92 தடவை பலித்ததாக 2008-இல் எழுதினார்கள். 2012-இல் வந்த ஆராய்ச்சி இன்னும் விசித்திரம். துப்பாக்கி வைத்திருந்தவர்களில், சுட்டவர்களுக்கும் சுடாதவர்களுக்கும் முடிவில் வித்தியாசமே இல்லையாம்!

இவ்வளவையும் பையனிடம் ஒப்பித்தேன். அவன் சிரித்தான்.

"மாமா, ரைஃபிள் எங்கள் குழுவில் நன்றாகச் சுடத் தெரிந்தவரிடம் இருக்கும். என் இடுப்பில் டப்பா. அதற்கெல்லாம் முன்னால், சத்தம் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். திடுக்கிட்ட கரடிதான் பெரும்பாலும் பாயும். நான் பாடிக்கொண்டே போகிறேன்."

சிறு வயதில் இவன் குரலைக் கேட்டுத்தான் பாட்டு வாத்தியார் வருவதை நிறுத்திக்கொண்டார்.

டெலிபோன் எட்டாத காட்டில் அவன் இருந்த ஒன்பது நாளும் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. பத்தாம் நாள் மணி அடித்தது. வழக்கமாக "சாப்பிட்டாயா?" என்றுதான் ஆரம்பிப்பாள். அன்று அப்படி ஆரம்பிக்கவில்லை.

"தினமும் பாடினாயாடா?" என்று கேட்டாள்.