எட்டே எட்டுத் தோல்விகள்

மாண்ட்ரியல் நகரின் மேற்குப் பகுதியில், சென்ட் கத்தரின் தெருவும் அட்வாட்டர் சாலையும் சந்திக்கும் முனையில் ஒரு பெரிய கட்டடம் இருக்கிறது. உள்ளே திரையரங்குகள், உணவுக் கடைகள். பிப்ரவரிக் குளிரிலிருந்து உள்ளே நுழைகிறவர்கள் கையுறையையும் தொப்பியையும் கழற்றிக்கொண்டே டிக்கெட் வாங்கப் போகிறார்கள். தரையைப் பார்த்து நடப்பவர்களின் கண்ணில் மட்டும் ஒன்று படும்: ஐஸ் ஹாக்கிக் களத்தின் மையவட்டம். அதை ஒட்டி, பார்வையாளர் மாடத்தின் ஒரு சிறு துண்டு. 1924இல் திறந்து 1996இல் மூடிய மாண்ட்ரியல் ஃபோரம் இதுதான். மாண்ட்ரியல் கனேடியன்ஸ் அணி கோலோச்சிய அரங்கம்.

இவ்வளவு தூரம் நான் வந்தது ஒரே ஒரு பருவத்துக்காக. 1976 அக்டோபரில் தொடங்கி 1977 மே மாதம் முடிந்த பருவம் அது. தேசிய ஹாக்கி லீகில் அப்போது 18 அணிகள். ஒவ்வோர் அணிக்கும் 80 ஆட்டங்கள். கனேடியன்ஸ் 60 ஆட்டங்களில் வென்றது, 12 சமன். தோற்றது எட்டில் மட்டும். போட்ட கோல்கள் 387, வாங்கியவை 171. சொந்த அரங்கில் ஆடிய 40 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றுதான் கைநழுவியது. இந்தக் கணக்கை முதன்முதலில் படித்த நாளிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. எதிரே நிற்க ஆளில்லாதவனுக்கு அலுப்பு வரும். பாதி வேகத்தில் ஆடினாலே போதும் என்று தோன்றும். ஏழு மாதமாக அந்த அலுப்பு இவர்களை ஏன் தொடவில்லை?

மையவட்டத்துக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு முதியவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். இளைஞராக இருந்தபோது, உட்கார இடம் கிடைக்காத நாள்களில் நின்றபடியே இங்கே ஆட்டம் பார்த்தவராம். அந்தப் பருவத்தைப் பற்றிக் கேட்டதும் அவர் வெற்றிகளைப் பேசவில்லை. அக்டோபர் 30ஆம் தேதியைப் பேசினார். பாஸ்டன் புரூயின்ஸ் அணி இங்கே வந்து 4-3 என்று வென்ற இரவு. சொந்த மண்ணில் விழுந்த அந்த ஒரு அடி அவருக்கு இன்னும் ஆறவில்லை. அதற்குப் பிறகு ஏப்ரல் 2 வரை இங்கே ஆடிய 34 ஆட்டங்களில் 28 வெற்றி, ஆறு சமன். அதை அவர் நடக்க வேண்டியது நடந்ததுபோலச் சொல்லிக் கடந்தார். என் கேள்விக்கான விடையின் ஒரு நுனி அங்கேயே கைக்கு வந்தது. வெற்றியை இயல்பாகவும் தோல்வியைக் குற்றமாகவும் எண்ணும் ஊரில் எந்த அணிதான் சோம்ப முடியும்?

1976 இந்தக் கட்டடத்துக்கே தனி ஆண்டு. அந்தக் கோடையில் மாண்ட்ரியலில் ஒலிம்பிக் நடந்தது. ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிகளுக்கு ஃபோரம்தான் களம். ஜூலை 18 அன்று 14 வயது நாடியா கோமனேச்சி ஒலிம்பிக்கின் முதல் முழுமையான 10 மதிப்பெண்ணை இங்கேதான் பெற்றார். பலகையில் பத்தைக் காட்ட வழியில்லாமல் 1.00 என்று வந்தது. மூன்று மாதத்தில் தரை பனியாக மாறியது; முழுமையைத் தேடி அடுத்த கூட்டம் இறங்கியது.

நவம்பர் 15ஆம் தேதி இரவும் இங்கே ஆட்டம் இருந்தது. கியூபெக் மாநிலத் தேர்தலின் முடிவுகள் வெளியான இரவு அது. தனிநாடு கேட்ட ரெனே லெவெக்கின் பார்ட்டி கெபெக்குவா கட்சி ஆட்சியைப் பிடித்தது. அரங்கத்தின் பலகையில் அந்தச் செய்தி ஓடியபோது ஒரு பகுதியினர் எழுந்து ஆர்ப்பரித்தார்கள். மற்றவர்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கனேடியன்ஸின் கோல்கீப்பர் கென் டிரைடன் தன் புத்தகத்தில் அந்த இரவை எழுதியிருக்கிறார். பிரெஞ்சு பேசுவோரும் ஆங்கிலம் பேசுவோரும் கலந்த அணி அது. ஊர் இரண்டாகப் பிளந்து நின்ற குளிர்காலத்திலும், இரு தரப்பும் ஒன்றாகக் கைதட்டிய இடம் இந்தப் பனித்தளம்தான்.

நான் தங்கியிருந்தது கோட் டே நேஜ் பகுதியில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்தின் வீட்டில். மாலையானதும் வீட்டுப் பெரியவர் பேரனை அழைத்துக்கொண்டு பூங்காவுக்குப் போவார். நானும் கூடவே போவேன். குளிர்காலம் வந்ததும் நகராட்சி ஆட்கள் பூங்காக்களில் பலகைத் தடுப்பு கட்டி, தண்ணீரை அடுக்கடுக்காகப் பாய்ச்சி உறைய வைத்துக் களம் தயாரிக்கிறார்கள். கட்டணம் இல்லை. இருட்டிய பிறகு விளக்கைப் போட்டு ஆடுகிறார்கள். "தம்பி, இஞ்ச பிள்ளையள் நடக்கப் பழகின கையோட சறுக்கவும் பழகிப்போடுவினம்" என்றார் பெரியவர். பேரன் அவரிடம் "அப்பப்பா" என்று ஓடிவந்து தமிழில் தண்ணீர் கேட்டான்; திரும்பிப் போய்க் கூட்டாளிகளிடம் பிரெஞ்சில் கத்தினான். அந்த நவம்பர் இரவில் வென்ற அரசுதான் 1977 ஆகஸ்டில் 101ஆம் சட்டத்தைக் கொண்டுவந்தது. குடியேறிகளின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளியில் படிக்க வேண்டும் என்ற ஏற்பாடு அதிலிருந்து வந்தது. நான் தேடி வந்த பருவம் பழைய செய்தித்தாளில் மட்டும் இல்லை. இந்தச் சிறுவனின் வாயிலும் இருக்கிறது.

அந்தக் களத்தின் ஓரத்தில் நின்றுதான் இந்த ஆட்டத்தின் உயிர்நிலை எனக்குப் புரிந்தது. கோல்கீப்பரோடு சேர்த்து ஆறு பேர் ஆடுகிறார்கள். மட்டையால் அடிப்பது ‘பக்’ எனப்படும் கெட்டியான ரப்பர் வட்டு. முழு வேகத்தில் சறுக்குகிறவனுக்கு ஒரு நிமிடத்துக்குள் மூச்சு வாங்கிவிடும். அதனால் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, ஓடும் பேருந்தில் ஏறி இறங்குவதைப் போல, களைத்தவர்கள் தடுப்பைத் தாண்டி வெளியே வர, புதியவர்கள் உள்ளே குதிக்கிறார்கள். ஒரு மேதையை மட்டும் வைத்து இந்த ஆட்டத்தை வெல்ல முடியாது; மேதை உட்கார்ந்திருக்கும் நேரம்தான் அதிகம். அவர் உட்கார்ந்திருக்கும்போது யார் ஆடுகிறார்கள் என்பதே கேள்வி.

கனேடியன்ஸின் மேதை கீ லாஃப்ளர். தர்சோ என்ற சிற்றூரில் பிறந்தவர். தலைக்கவசம் போடாமல், பொன்னிற முடி பறக்க வலப்பக்கமாகப் பாய்வார். அந்தப் பருவத்தில் 56 கோல் போட்டு, 80 கோல்களுக்கு வழிசெய்து, 136 புள்ளிகளோடு லீகிலேயே முதலிடத்தில் நின்றார். இடப்பக்கம் ஸ்டீவ் ஷட் 60 கோல் போட்டார். அதுவரை எந்த இடப்பக்க ஆட்டக்காரரும் எட்டாத எண்ணிக்கை அது. லாஃப்ளர் மூச்சு வாங்க உட்கார்ந்தால் பாப் கெய்னி இறங்குவார். எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரை மடக்குவதே அவர் வேலை. தடுத்தாடும் முன்வரிசைக்காரருக்கென்று லீக் அடுத்த பருவத்தில் ஒரு விருதை ஏற்படுத்தியபோது, முதல் நான்கு ஆண்டுகளும் அது கெய்னிக்கே போயிற்று. பின்னால் லாரி ராபின்சன், செர்ஜ் சவார், கீ லப்வாண்ட் என்ற மூவர். அவர்களையும் தாண்டினால், வலைக்கு முன் மட்டையில் மோவாயை ஊன்றி, எதையோ யோசிப்பவர்போல டிரைடன் நிற்பார். மெக்கில் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். அவர் 41 ஆட்டங்களை வென்று கொடுத்தார். அவருக்கு ஓய்வு கொடுத்த நாள்களில் நின்ற மிஷெல் லாரோக் 19 ஆட்டங்களில் வென்று இரண்டில் மட்டும் தோற்றார். ஓய்வுக்கு நின்றவரின் கணக்கே இப்படி இருந்தது!

இது தற்செயலாகச் சேர்ந்த கூட்டமல்ல. பொது மேலாளர் சாம் பொல்லக், மற்ற அணிகளின் நாளைய வாய்ப்புகளை இன்றே வாங்கி வைப்பவர். கலிஃபோர்னியா கோல்டன் சீல்ஸ் அணி 1971இல் இளம் வீரர் தேர்வில் பெற வேண்டிய முதல் வாய்ப்பை, 1970இலேயே ஒரு பேரத்தில் தன் பக்கம் எடுத்துக்கொண்டார். சீல்ஸ் கடைசி இடத்துக்குச் சரிந்ததால் அதுவே லீகின் முதல் தேர்வாகி, லாஃப்ளர் மாண்ட்ரியலுக்கு வந்து சேர்ந்தார். அதே தேர்வில் இருபதாவது இடத்தில் எடுத்தவர்தான் ராபின்சன். ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் நட்டது 1976இல் காய்த்தது.

காய்த்த மரம் தூங்காமல் பார்த்துக்கொண்டவர் பயிற்சியாளர் ஸ்காட்டி போமன். இதே நகரின் வெர்டனில் பிறந்தவர். அவருக்குக் கீழே எவனும் தன் இடம் உறுதி என்று நினைக்க முடியாது. ஆண்டில் 364 நாள் அவரை வெறுத்தோம், மீதி ஒரு நாள் லீகின் ஸ்டான்லி கோப்பையை வென்றவர்களுக்கான மோதிரத்தை வாங்கிக்கொண்டோம் என்ற பொருளில் ஷட் சொன்னது இந்த ஊரில் இன்றும் பேச்சு. கடுமையைவிட முக்கியமான ஒன்று உண்டு. லாஃப்ளர் பயிற்சியில் நாள்தோறும் மோதியது ராபின்சனோடு. ஷட் குறிவைத்தது டிரைடனின் வலையை. லீகில் இவர்களுக்கு ஈடுகொடுக்கக்கூடிய அணி ஒன்று இருந்திருந்தால், அது இவர்களே. எதிராளி இல்லாத குறையை இவர்கள் தங்களுக்குள்ளேயே தீர்த்துக்கொண்டார்கள்.

பிறகு ஸ்டான்லி கோப்பைக்கான இறுதிச் சுற்றுகள். செயின்ட் லூயிஸ் புளூஸை நான்குக்கு நான்கு வென்றார்கள். நியூயார்க் ஐலண்டர்ஸ் மட்டும் இரண்டு ஆட்டங்களைப் பறித்துக்கொண்டது. இறுதித் தொடரில் எதிரே நின்றது பாஸ்டன். அக்டோபரில் ஃபோரத்தில் வென்றுபோன அதே பாஸ்டன். இம்முறை நான்கு ஆட்டங்களிலும் கனேடியன்ஸுக்கே வெற்றி. மே 14 அன்று பாஸ்டன் அரங்கில் நான்காவது ஆட்டம் 1-1 என்று கூடுதல் நேரத்துக்குப் போனது. லாஃப்ளர் தள்ளிக் கொடுத்த பக்கை ஜாக் லெமேர் வலைக்குள் அடித்தார். மொத்தம் 94 ஆட்டங்களில் 72 வெற்றி என்று பருவம் முடிந்தது.

இப்போது அணி ஆடுவது பெல் சென்டரில். வெளியே நான்கு வெண்கலச் சிலைகள்; அதில் ஒன்று லாஃப்ளர். 2022இல் அவர் இறந்தபோது கியூபெக் அரசு மரியாதையோடு வழியனுப்பியது. உள்ளே 21,000 பேருக்கு இடம். கூரையில் 24 கோப்பைகளுக்கான பதாகைகள். அவற்றில் 1977 எது என்று அண்ணாந்து தேடிக் கண்டுபிடித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. கீழே சறுக்குக் கத்திகள் பனியைக் கீறும் ஓசை, பலகையில் பக் மோதும் வெடிச்சத்தம். நல்ல தடுப்பு ஒன்றுக்கு, கோல் விழுந்ததற்குச் சமமாகக் கைதட்டினார்கள். சொந்த வீரன் ஒருவன் மெத்தனமாகப் பக்கைத் தவறவிட்டதும் அரங்கம் முழுக்க ஒரு முனகல் எழுந்தது. ஃபோரத்து முதியவரின் மனம் இங்கே 21,000 பேராகப் பெருகி உட்கார்ந்திருப்பதைக் கண்டேன்.

1976-77 பருவத்தில் கனேடியன்ஸ் அணியாகச் சேர்த்த 132 புள்ளிகள் என்ற சாதனை 2023 வரை நின்றது. அந்த ஆண்டு 135 புள்ளிகள் எடுத்து அதைத் தாண்டிய அணியும் பாஸ்டன்தான். ஆனால் இறுதிச் சுற்றுகளின் முதல் கட்டத்திலேயே ஃபுளோரிடாவிடம் தோற்று வெளியேறியது. 2023இன் கணக்கு வேறு: 82 ஆட்டங்கள், சமனுக்கு இடமில்லை, கூடுதல் நேரத்தில் தோற்றாலும் ஒரு புள்ளி. எண்களை எண்களோடு மோதவிட்டு யார் பெரியவர் என்று தீர்ப்புச் சொல்ல நான் விரும்பவில்லை. பாஸ்டன் அந்தப் பருவத்தில் ஆடியதும் அபாரம்தான். ஆயினும் மாண்ட்ரியலில் நடந்து பார்த்த பிறகு ஒன்றை உறுதியாகச் சொல்வேன். 1977இன் பெருமை அறுபது வெற்றிகளில் இல்லை. ஐம்பது வென்றாலே போதும் என்ற நிலையில், எவரும் வற்புறுத்தாதபோதும் மீதிப் பத்துக்கும் அதே மூச்சோடு இறங்கியதில் இருக்கிறது. எதிரி துரத்தும்போது ஓடுவது எல்லோருக்கும் வரும். துரத்த ஆளில்லாதபோதும் ஓடியவர்களை எனக்கு இந்தப் பனி நகரம் காட்டிக்கொடுத்தது.